காத்திருப்போர் பேரவை

மொஹ்சினுக்கும் அவனுடைய அத்தாவுக்கும் பேச்சு நின்றுபோய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா அத்தாவுல்லாவுக்குத் தாம்பரம் மார்க்கெட்டில் பெயிண்டுக் கடை. ஒரே மகன் கல்லாவில் வந்து உட்காருவான் என்று அவர் நினைத்திருக்க, மகன் மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்து, ஊரப்பாக்கத்தில் தனிக்குடித்தனமும் போய்விட்டான். பெருநாளுக்கு மனைவி ஃபாயிசாவோடு வீட்டுக்கு வருவான். அத்தா தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். மகன் தண்ணீர்ச் சொம்பைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மொஹ்சின் தாம்பரத்தில் ஒரு படத்துக்குப் போனான். விளக்கணைந்த பிறகு பக்கத்து இருக்கையில் ஒருவர் வந்து உட்கார்ந்தார். இடைவேளையில் வெளிச்சம் வந்தபோதுதான் அது அத்தா என்று தெரிந்தது. வேறு இடம் மாறலாம் என்றால் தியேட்டர் நிறைந்திருந்தது. இருவரும் எதிரே இருந்த திரைச்சீலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் பாதியில், வெள்ளம் ஓடும் தெருவில் கதாநாயகன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்து போகும் காட்சி ஒன்று வரும். வசனம் கிடையாது. ஒரு குழல் மட்டும் ஊதும். அது ஊத ஆரம்பித்ததும் அத்தா தன் கையை எடுத்து மகனின் கைமேல் வைத்தார். காட்சி முடிந்ததும் எடுத்துக்கொண்டார். படம் விட்டதும், "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த வாரம் கடையில் ஏணிமேல் நின்று டப்பா எடுக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

மொஹ்சினுக்கு அந்தக் குழலை இன்னொரு தடவை கேட்க வேண்டும். வேறெதுவும் வேண்டாம். காரியங்கள் எல்லாம் முடிந்து அவன் தியேட்டருக்குப் போனபோது படம் மாறியிருந்தது. பஜாரில் வாங்கிய திருட்டு விசிடியில் அந்தக் காட்சியே இல்லை; நீளம் என்று வெட்டியிருந்தார்கள். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கேசட் கடைக்காரர்தான் விவரம் சொன்னார்.

"பாட்டு சிடி கீது சார். நீங்க கேக்கறது பேக்ரவுண்டு மீசிக். அத்த தனியா போட்டுகிறாங்க. ஆனா கடைக்கு வராது. ரசிகர் பேரவைக்காரங்க கம்பெனி வாசல்ல குந்திகினு போராடி, மொத்தத்தையும் எங்க கையிலதான் தரணும்னு வாங்கிட்டாங்க. அங்க போய்ப் பாருங்க."

"எப்ப தருவாங்க?"

கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அத்த மட்டும் அங்க போய்க் கேட்டுடாதீங்க."

பேரவை கிழக்குத் தாம்பரத்தில் டைல்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. ‘இசைப்பேரொளி ஜீவசாகர் பின்னணி இசை ரசிகர் பேரவை, தென்சென்னைப் புறநகர்த் தலைமையகம்’ என்று பெரிய எழுத்தில் பலகை. அதன் கீழே சின்னதாக இன்னொரு பலகை: ‘அமைதி காக்கவும். காத்திருப்பு நடைபெறுகிறது.’

உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஆணும் பெண்ணுமாகப் பலர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் பேசவில்லை. எதிர்ச் சுவரில் இசையமைப்பாளர் ஜீவசாகரின் படம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. பல் டாக்டர் வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று மொஹ்சின் நினைத்தான். மூலையில் மேஜைமணி ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் இருந்தார். செயலாளர் ஸ்ரீரங்கன். மத்திய அரசின் கணக்குத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"சார், என் பேர் மொஹ்சின். அந்தப் படத்தோட பின்னணி இசை சிடி இங்க கிடைக்கும்னாங்க."

"கிடைக்காது," என்றார் ஸ்ரீரங்கன். "அதுக்காகக் காத்திருக்கலாம்."

"எப்ப வரும் சார்?"

நாற்காலிகளில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின. ஸ்ரீரங்கன் மணியை ஒருமுறை தட்டினார்.

"அந்தக் கேள்வி விதிப்படி குற்றம். நீங்க புதுசுங்கறதால என் காதுல விழலைன்னு வெச்சுக்கறேன். இங்க பாருங்க மிஸ்டர் மொஹ்சின், கேக்கறது யாராலும் முடியும். காது இருந்தா போதும். எதிர்பார்க்கறதுக்குத்தான் தகுதி வேணும். இந்த ஏரியாவுல அதுக்குன்னு இருக்கற ஒரே அமைப்பு இது."

மொஹ்சின் புதிய காத்திருப்போர் ஆனான். அதற்கு மேலே நன்கு காத்திருப்போர், அதற்கும் மேலே மூத்த காத்திருப்போர் என்று படிகள் இருந்தன. மூத்த காத்திருப்போருக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி. ஞாயிறுதோறும் காலையில் எல்லோரும் வர வேண்டும். வந்து உட்கார வேண்டும். பாட்டு முணுமுணுக்கக் கூடாது. அதற்குக் ‘கசிவு’ என்று பெயர். கசிந்தவர்கள் அன்று முழுவதும் நிற்க வேண்டும்.

பயிற்சி வகுப்பு எடுத்தவர் வில்பிரட். பொத்தேரியில் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர். இணையத்தில் பேரவையின் குழுவை நடத்துபவரும் அவர்தான். இன்னும் வெளிவராத இசையைப் பற்றி அவர் எழுதிய விமர்சனம் அந்தக் குழுவில் மிகவும் புகழ் பெற்றிருந்தது. முதல் வகுப்பிலேயே மொஹ்சினிடம் ஒரு கோளாறு கண்டுபிடித்துவிட்டார்.

"நீங்க படத்தைப் பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன் சார். அதனாலதான் வந்தேன்."

"அப்ப நீங்க ஏற்கெனவே கேட்டவர். கேட்டவங்களால எதிர்பார்க்க முடியாது. லாஜிக்கலா பாருங்க. தெரிஞ்ச ஒண்ண எப்படிங்க எதிர்பார்ப்பீங்க? இங்க இருக்கற யாரும் படத்தைப் பார்க்கல. தியேட்டர் இருக்கற தெருவுல போகும்போது காதுல பஞ்சு வெச்சுகிட்டுப் போனாங்க. நீங்க முதல்ல அந்த இசையை மறக்கணும்."

மொஹ்சினுக்கு மறதிப் பயிற்சி ஆரம்பமாயிற்று. மற்றவர்கள் வகுப்பில் பெருமூச்சு விடக் கற்றுக்கொண்டிருக்க, அவன் சுவரோரம் நின்று அந்தக் காட்சியை மறந்துகொண்டிருக்க வேண்டும். வாராவாரம் வில்பிரட் வந்து, "எவ்வளவு மறந்திருக்கு?" என்று கேட்பார். மொஹ்சின், "கொஞ்சம் சார்" என்பான். அது பொய். ஆனால் அப்படிச் சொல்லச் சொல்ல உண்மையாகிவிடுமோ என்ற பயம் அவனுக்கு வந்தது. ரயிலில் வேலைக்குப் போகும்போது கண்ணை மூடிக் குழலை நினைத்துப் பார்ப்பான். சைக்கிள் தெரியும். வெள்ளம் தெரியும். குழலின் ஆரம்பம் மட்டும் வரும். மீதி நழுவிப் போகும்.

"எதுக்குங்க இந்தக் கூத்து?" என்றாள் ஃபாயிசா. "ஒரு சிடிக்கு யாராவது இவ்ளோ நாள் அலைவாங்களா?"

"வேற எங்கயும் இல்லியே, என்ன பண்றது?"

இடையில் எதிர்பார்ப்புப் பேரணி வந்தது. தாம்பரம் ரயில் நிலையத்தில் இருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. சாலையில் நடந்தார்கள். ஒருவர் "எங்கள் இசை" என்று கத்த, மற்றவர்கள் "மெதுவாய் வருக" என்று பதில் கொடுத்தார்கள். வண்டிகள் எல்லாம் நின்றுவிட்டன. ஓடி வந்த போக்குவரத்து இன்ஸ்பெக்டர், "உங்க கோரிக்கை என்ன?" என்று கேட்டார். கோரிக்கை ஒன்றும் இல்லை என்றார் ஸ்ரீரங்கன். "கோரிக்கை இல்லாம ரோட்டை மறிச்சா நான் என்ன செக்ஷன்ல கேஸ் போடறது?" என்று இன்ஸ்பெக்டர் நொந்துகொண்டார். கடைசியில் அவரே முன்னால் நடந்து வழி ஏற்படுத்திக் கொடுத்தார்.

பேரணி போய்ச் சேர்ந்த இடம் தலைவர் சம்பந்தத்தின் கல்யாண மண்டபம். சம்பந்தம் அந்தப் பக்கத்துப் பழைய குடும்பம். தாத்தா காலத்து நெல்வயல்கள் மனைகளாகிப் போனதில் வந்த வசதி. தாயார் பெயரில் அங்காளம்மாள் திருமண மாளிகை கட்டியிருந்தார். முகப்பில் அவருடைய ஆளுயரப் படம் போட்ட பேனர் நின்றது. ‘இன்றுவரை கேட்காத ஒரே தலைவர்’ என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பெயரால் அவருக்கு நடந்த காரியங்கள் பல. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டார்கள். கோயில் கமிட்டியில் சேர்த்தார்கள். மனை வாங்க வருகிறவர்கள் முதலில் சால்வை போட்டுவிட்டுத்தான் விலை பேசினார்கள்.

அன்று விழா ஏசுபாதத்துக்கு. மூத்த காத்திருப்போரில் மூத்தவர். போன மாதம் காலமாகிவிட்டார். அவருக்குக் ‘காத்திருப்பு மாமணி’ பட்டம். படத்துக்கு மாலை போட்டு மேடையில் வைத்திருந்தார்கள். தாம்பரம் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலையில் இருக்கும் அவருடைய மனைவி ஞானசௌந்தரி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பேச அழைத்தபோது அவள் ஒரே ஒரு விஷயம் கேட்டாள்.

"படுக்கையில கெடந்தப்ப அவர் ஒரு தடவையாவது கேக்கணும்னு ஆசைப்பட்டார். இப்பவாவது அந்த சிடியக் கொடுத்தீங்கன்னா வீட்டுல அவர் போட்டோ முன்னாடி போட்டுடுவேன்."

சம்பந்தம் எழுந்து மைக்கைப் பிடித்தார்.

"அம்மா சொன்னத்த கேட்டீங்க. பொம்பள மனசு, அப்பிடித்தான் சொல்லும். ஆனா ஏசுபாதம் அய்யா யாரு? கடசி மூச்சு வரிக்கும் கேக்காதவரு. டாக்டரு கைவிட்டாரு, ஜனங்க கைவிட்டாங்க, அவரு எதிர்பார்ப்ப கைவிடல. கேக்காமலே போனாரு. அதாங்க சாவு. நீங்க எல்லாரும் அவரு மாரிதான் போவணும்னு இந்த நேரத்துல மனசார வாழ்த்தறேன்."

கைதட்டல் ஓய வெகு நேரம் பிடித்தது. ஞானசௌந்தரிக்கு ஒரு சால்வை போட்டு உட்கார வைத்தார்கள்.

பேசியதில் தலைவருக்கு வேர்த்துவிட்டது. மேடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் இருந்து மின்விசிறி எடுத்து வரும்படி ஸ்ரீரங்கன் மொஹ்சினிடம் சொன்னார். மொஹ்சின் போனான். மின்விசிறி உயரத்துக்காக அட்டைப்பெட்டிகளின் மேல் வைக்கப்பட்டிருந்தது. அதைத் தூக்கியபோது பெட்டியில் ஜீவசாகரின் மூடிய கண்கள் தெரிந்தன. படத்தின் பெயர் இருந்தது. ‘பின்னணி இசை’ என்று எழுதியிருந்தது. ஓரம் கிழிந்த இடத்தில் சிடி உறைகள் பளபளத்தன. எல்லாப் பெட்டிகளின் மேலும் விரலால் பெயர் எழுதலாம் போலத் தூசி.

அவன் மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலைவரின் காதருகே கேட்டான்.

"சார், உள்ள பெட்டி பெட்டியா சிடி இருக்கே."

"அதுவா," என்றார் சம்பந்தம், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே. "அது படம் ஓடிக்கினு இருந்தப்பவே வந்துட்ச்சு."

"அப்ப ஏன் சார் தரல?"

"தந்தா இன்னா ஆவும், நீயே சொல்லு பாய். எட்துகினு வூட்டுக்குப் போவான். கேப்பான். கேட்டுட்டுத் தூங்கிடுவான். அப்பறம் ஞாயித்துக்கெயம எவன் வருவான்? இந்த மேடைல எவன் குந்துவான், எவன் எனக்கு மால போடுவான்? ஒரு அமைப்ப நடத்தறது லேசுப்பட்ட வேல இல்ல. அது உனுக்குப் புரியாது."

மொஹ்சின் மேடையில் இருந்து இறங்கவில்லை. அங்கேயே நின்று, உள்ளே சிடிக்கள் இருப்பதைக் கூட்டத்துக்குச் சொன்னான். கூட்டம் அதிர்ந்துபோனது. பெட்டிகள் இருந்ததற்கு அல்ல, அவன் பார்த்துவிட்டதற்கு. முன்வரிசையில் ஒருவர், "பாத்தது பாத்தீங்க, அதை எங்ககிட்ட ஏங்க சொன்னீங்க?" என்று வருத்தப்பட்டார்.

"பெட்டி வந்திருக்கலாம்," என்று ஸ்ரீரங்கன் விளக்கினார். "ஆனா வெளியீடு நடக்கலை. வெளியிடப்படாத ஒண்ணு, விதிப்படி வராததுக்குச் சமம். இந்த உறுப்பினர் வராத ஒண்ணைப் பார்த்திருக்கார். விசாரணை தேவை."

விசாரணை அங்கேயே நடந்தது. எதற்காக இத்தனை அவசரம் என்று வில்பிரட் கேட்டார். மொஹ்சின் யோசித்தான். ஃபாயிசாவைத் தவிர யாரிடமும் அவன் அதைச் சொன்னதில்லை. சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்துச் சொல்லிவிட்டான். அத்தாவோடு பேச்சு நின்றது, தியேட்டர், கைமேல் கை, அடுத்த வாரம் ஏணி, எல்லாவற்றையும்.

வில்பிரட் தொண்டையைச் செருமினார்.

"இது சீரியஸான கேஸ். இவருக்கு இசைமேல ஆர்வம் இல்ல. அப்பாமேலதான் ஆர்வம். இதுக்குக் கலப்பட ரசனைன்னு பேரு. சொந்தக் காரணத்துக்காக இசை கேக்கறவங்களை உள்ள விட்டா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு காரணத்தோட வந்து நிப்பாங்க."

சம்பந்தம் அதோடு விடவில்லை. மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு ஸ்ரீரங்கனைப் பக்கத்தில் உட்கார வைத்தார். அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, கண்ணைச் செருகிக்கொண்டு மைக்கில் மூக்கால் குழல் ஊதினார். "அத்தா, அத்தா" என்று மூக்கிலேயே அழுதார். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. நிறுத்தச் சொன்னவர்கள் இல்லை. ஊதி முடித்து அவர் தண்ணீர் குடித்தபோது, ஒன்ஸ்மோர் கேட்டார்கள். இன்னொரு தடவை ஊதினார்.

மொஹ்சின் மேடையில் நின்றபடியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிரிக்காமல் இருந்தவள் ஞானசௌந்தரி மட்டும்தான்.

ஸ்ரீரங்கன் மணியடித்துத் தீர்ப்பு வாசித்தார். "உறுப்பினர் மொஹ்சின் பேரவையில் இருந்து நீக்கப்படுகிறார். அவர் வாழ்நாள் முழுவதும் காத்திருக்கத் தடை விதிக்கப்படுகிறது."

ஞானசௌந்தரி எழுந்தாள். "செயலாளர் சார், ஒரு சந்தேகம். இவர் இனிமே காத்திருக்கக் கூடாது, இல்லியா?"

"கூடாது. ஒரு நிமிஷம்கூடக் கூடாது."

"சிடி கைக்கு வர்ற வரைக்கும் இவர் காத்திருக்கறதாத்தானே அர்த்தம்?"

ஸ்ரீரங்கன் தீர்ப்புத் தாளை மறுபடி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வேலையில் இருந்த காலமெல்லாம் எழுதியிருக்கும் விதிக்கு எதிராக ஒரு காரியமும் செய்யாதவர் அவர்.

"விதிப்படி," என்றார் கடைசியில், "இவருக்கு உடனே கொடுத்தாகணும். தாமதிச்சா தடையை மீறினது நாமன்னு ஆயிடும்."

"இன்னாய்யா சொல்ற?" என்றார் சம்பந்தம்.

"விதி, சார்."

சம்பந்தத்துக்கு விளங்கவில்லை. ஆனால் விளங்கவில்லை என்று மேடையில் சொல்ல முடியாது. கையை அசைத்தார். பெட்டியில் இருந்து ஒரு சிடி வந்தது.

ஊரப்பாக்கம் வீட்டில் கதவைச் சாத்திவிட்டு, மொஹ்சினும் ஃபாயிசாவும் அதைப் போட்டுக் கேட்டார்கள். அவன் நினைத்திருந்ததைவிடக் குழல் சின்னதாக இருந்தது. ஊதியது, முடிந்தது. அழுகை வரும் என்று நினைத்து அவன் துண்டோடு உட்கார்ந்திருந்தான். வரவில்லை. மறுபடி போட்டான். குழல் ஆரம்பித்த உடனே அவன் காதில் சம்பந்தத்தின் மூக்குதான் ஊதியது. அதற்குப் பிறகு எத்தனை தடவை போட்டாலும் அதே மூக்கு. தியேட்டரும் வரவில்லை, அத்தாவும் வரவில்லை. பட்டுவேட்டி கட்டிய ஒருவன் ஸ்ரீரங்கனின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்த ஆள் இதைக் கெடுத்துட்டான்," என்றான் மொஹ்சின். "இனிமே எப்பவும் இப்படித்தான் இருக்கும். இதை எப்படிப் போக்கறது?"

ஃபாயிசா சிடியை எடுத்து உறையில் போட்டாள். "போக்க முடியாதுங்க," என்றாள். "அவன் பண்ணினதை அவனுக்கே திருப்பிக் கொடுக்கலாம்."

மறுநாள் அவன் வேலைக்குப் போகாமல் தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் போனான். ஞானசௌந்தரியின் கவுன்டரில் வரிசை குறையும் வரை நின்றான்.

"அக்கா, நேத்து நீங்க சொன்னது எனக்கு மட்டும்தானா, எல்லாருக்குமா?"

ஞானசௌந்தரி கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவனைப் பார்த்தாள். "நீக்கப்பட்ட எல்லாருக்கும்தான் தம்பி. அதை நான் நேத்தே யோசிச்சுட்டேன்."

"அந்தத் தலைவனை மேடையில தனியா உக்கார வைக்கணும்க்கா."

"உக்கார வைக்கக் கூடாது," என்றாள் அவள். "நிக்க வைக்கணும்."

அந்த வாரம் முழுவதும் மொஹ்சின் வேலை முடிந்ததும் உறுப்பினர்களின் வீடு வீடாகப் போனான். கேட்க ஆசையா என்று யாரையும் கேட்கவில்லை. தன்னிடம் சிடி இருப்பதைச் சொன்னான். நன்றாக இருக்கிறதா என்று அவர்கள் கேட்டார்கள். "பிரமாதம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தான். அன்று விழுந்து விழுந்து சிரித்தவர்கள்மேலும் அவனுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அவர்கள் இல்லாமல் காரியம் நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் பேரவையின் ஆண்டுப் பொதுக்குழு. முதல் ஆளாக ஞானசௌந்தரி எழுந்தாள்.

"எனக்குச் சொந்தக் காரணம் இருக்கு. செத்துப்போன என் வீட்டுக்காரருக்காகத்தான் இந்த இசை எனக்கு வேணும். என்னை நீக்கிடுங்க."

ஸ்ரீரங்கன் மணியைத் தட்டினார். நீக்கம், தடை, சிடி. அவளுக்குப் பின்னால் வரிசை நின்றிருந்தது. ராத்திரி தூங்காத குழந்தைக்குப் போட வேண்டும் என்றார் ஒருவர். எதிர்வீட்டுக்காரரை வெறுப்பேற்ற வேண்டும் என்றார் இன்னொருவர். கூச்சத்தோடு வந்த ஒருத்தி, பேரவைக்குத் தான் வருவதே மாமியாரிடம் இருந்து ஒரு காலைநேரம் தப்பிக்கத்தான் என்று ஒப்புக்கொண்டாள். வேறோர் இசையமைப்பாளரைத்தான் தனக்குப் பிடிக்கும் என்று ஒரு மூத்த காத்திருப்போர் அறிவித்தபோது, ஸ்ரீரங்கன் மணியை இரண்டுமுறை தட்டினார்.

சம்பந்தம் எழுந்துவிட்டார். "நிறுத்துய்யா. இனிமே யாரையும் நீக்கக் கூடாதுன்னு தீர்மானம் போடு."

"தீர்மானத்துக்குக் கோரம் வேணும் சார், குறைஞ்சது இத்தனை பேர் இருக்கணும்னு கணக்கு. ஒவ்வொருத்தரை நீக்க நீக்கக் கோரம் குறைஞ்சுகிட்டே வருது."

"அப்ப சீக்கிரம் போடு."

"இப்பவே குறைஞ்சாச்சு சார்."

வில்பிரட் மைக்கைப் பிடித்தார். கூட்டத்தைத் தடுத்து நிறுத்தப் போகிறார் என்று சம்பந்தம் நம்பினார்.

"நான் சொன்னா தப்பா நினைக்கக் கூடாது," என்றார் வில்பிரட். "நெட்ல இது எப்பவோ லீக் ஆயிடுச்சு. அன்னிக்கே டவுன்லோடு பண்ணிக் கேட்டுட்டேன். சுமார்தான். இருந்தாலும் ஒரிஜினல் சிடி ஒண்ணு இருக்கட்டும்னு பாக்கறேன்."

ஓரிருவர் அவரை அடிக்கப் போனார்கள். ஸ்ரீரங்கன் மணியைத் தட்டி அவரைக் காப்பாற்றி நீக்கினார். பிறகு தன் மேஜையைச் சுற்றி முன்பக்கம் வந்து, காலியாக இருந்த தன் நாற்காலியைப் பார்த்துப் பேசினார்.

"எனக்கு இசையே பிடிக்காது. ரிடையர் ஆனதுக்கப்புறம் உட்கார ஒரு மேஜை தேவைப்பட்டது. மணியோட கிடைச்சதால வந்தேன். ஒரு உறுப்பினரை நீக்கச் செயலாளர் போதும்னு விதி இருக்கு." எட்டிக் கையை நீட்டி மணியைத் தட்டித் தன்னை நீக்கிக்கொண்டார்.

"அப்ப என்னியும் நீக்குய்யா," என்றார் சம்பந்தம்.

"தலைவரை நீக்கப் பொதுக்குழுவுக்குத்தான் அதிகாரம். இப்ப பொதுக்குழுன்னா நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. ஒருத்தர் சேர்ந்தா அது கூட்டம் ஆகாது. அதோட எனக்கு இப்ப எந்தப் பதவியும் இல்ல சார். இது என் சொந்த அபிப்பிராயம்."

அப்போதுதான் மொஹ்சின் மேடைக்கு ஏறினான். கையில் சிடி இருந்தது. மண்டபத்து ஒலிபெருக்கியில் இப்போதே எல்லோரும் சேர்ந்து கேட்கலாம் என்றான். ஆனால் பேரவை உறுப்பினர் யாராவது உள்ளே இருந்தால், வெளியீட்டுக்கு முன்னால் கேட்பது அவர்களுக்குக் குற்றம். அவர்கள் தயவுசெய்து வெளியே போய்விட வேண்டும் என்றான். சொல்லிவிட்டு யாரையும் பார்க்கவில்லை. மண்டபம் மொத்தமும் சம்பந்தத்தைப் பார்த்தது.

அவர் உட்கார்ந்துகொண்டே இருந்திருக்கலாம். மண்டபம் அவருடையது. ஆனால் முன்வரிசையில் கோயில் கமிட்டிக்காரர்கள் இருந்தார்கள். மனை வாங்கியவர்கள் இருந்தார்கள். வாசலில் பேனர் இருந்தது.

"நான் சொன்ன சொல்லு மாறாதவன்," என்றார் சம்பந்தம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். மொஹ்சின் சிடியை ஞானசௌந்தரியிடம் கொடுத்துவிட்டு அவருக்குப் பின்னாலேயே வாசல் வரை போனான். அவர் படி இறங்கியதும் இரட்டைக் கதவை இழுத்துச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டான்.

உள்ளே இசை ஆரம்பித்தது. ஜனங்கள் நாற்காலியின் நுனிக்கு வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. முதலில் மெதுவாகத்தான்.

"பாய், கொஞ்சமா தொற. வெயில் தாங்கல."

மொஹ்சின் கதவருகிலேயே நின்றான்.

"கேக்கறதுக்கு இல்ல பாய். சும்மா உள்ள நின்னுக்கறேன். ரோட்ல போறவன்லாம் பாக்கறான்."

வெளியே பேருந்துகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. உள்ளே ஓர் இசைத்துண்டு முடிந்து அடுத்தது வந்தது. தட்டல் பலமாயிற்று. "மண்டபம் என்னுதுடா," என்று குரல் உயர்ந்தது. பிறகு தாழ்ந்தது. "தம்பி, தப்புதாம்பா. அன்னிக்கி நான் அப்பிடிப் பண்ணிருக்கக் கூடாது. தொறப்பா."

அது மொஹ்சினுக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் தாழ்ப்பாள் நன்றாக விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தான். விழுந்திருந்தது. கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டான். அந்த நேரத்தில்தான் உள்ளே சைக்கிள் காட்சியின் குழல் ஊத ஆரம்பித்தது. சம்பந்தம் இப்போது இரண்டு கையாலும் தட்டினார். பின்வரிசைக்காரர்கள் திரும்பி, அந்தச் சத்தத்தை நிறுத்தச் சொல்லி மொஹ்சினுக்குச் சைகை காட்டினார்கள். அவன் தலையாட்டிவிட்டு நின்ற இடத்திலேயே நின்றான். ஒவ்வொரு அடியும் பலகை வழியாக அவன் முதுகில் வந்து இறங்கியது. நல்ல கனமான அடிகள். குழல் எப்போது முடிந்தது என்று அவன் கவனிக்கவில்லை.